மூன்றாவது ஆப்

"இந்த மணி அடிக்கிற ஆப் வேண்டாம்டா. ஒவ்வொரு தடவையும் அப்பா தூக்கிவாரிப் போட்டு முழிச்சுக்கிறாரு" என்று போனைத் தம்பியிடம் நீட்டினாள் அக்கா.

தம்பி முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டான். ஆபீசில் ஒரு கூட்டத்தையே கட்டி மேய்க்கிறவன் அவன். ஆப்பில் ஏறாத வேலை வேலையே இல்லை என்று நம்புகிறவன். வருஷத்துக்கு ஒரு ஆப்பை மாற்றிவிட்டு, இனிமேல்தான் வாழ்க்கை ஒழுங்காகப் போகப்போகிறது என்று கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

அவன் வாங்கிப் போட்டிருந்த சின்ன வீட்டில்தான் அக்காவும் அப்பாவும் இருந்தார்கள். அவன் குடும்பம் இரண்டு தெரு தள்ளி. அப்பா படுத்த படுக்கையானதும், அக்கா பார்த்துக்கொண்டிருந்த துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அவளுக்கு வெள்ளியும் ஞாயிறும் ஒன்றாகிப்போனது.

போன மாதம் அவள் முதல் முறையாக வாய்விட்டுக் கேட்டாள். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும், அப்பாவை அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். எதற்கு என்றான். தோழி வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும் என்றாள். சினிமா, கடை என்று ஏதாவது சொல்லியிருக்கலாமோ என்று பிறகு வெட்கப்பட்டாள்.

தம்பி மறுக்கவில்லை. அதுவே பெரிய அதிசயம். "சரிக்கா. ஆனா நீ செய்யிறது எல்லாம் உன் மண்டைக்குள்ளயே கிடக்கு. முதல்ல அதை வெளியே எடுப்போம்" என்றான்.

அப்படித்தான் ஆப் தேடும் படலம் ஆரம்பித்தது. முதல் ஆப் மணி அடித்தே அப்பாவைப் பாடாய்ப்படுத்தியது. இரண்டாவதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறம் கொடுக்க வேண்டும். அவசரம் என்றால் சிவப்பு, அவசரமில்லை என்றால் பச்சை. அப்பாவின் வயிற்றுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பச்சையில் போட்ட வேலையெல்லாம் பத்து நிமிஷத்தில் சிவப்பாகி நின்றது. ஈரக் கையோடு நிறத்தை மாற்றி மாற்றி அவள் அலுத்துப்போனாள்.

மூன்றாவது ஆப்பை அவனே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தான். "இதுல பேசினாப் போதும்க்கா, அதுவே எழுதிக்கும். போட்டோவும் போடலாம். யாரு திறந்து பார்த்தாலும் புரியணும், அப்படிச் சொல்லு."

"உன் பொண்டாட்டி திறந்தாலுமா?" என்று கிண்டல் செய்தாள். அவனும் சிரித்தான்.

அன்றிலிருந்து அவள் வேலை செய்தபடியே பேச ஆரம்பித்தாள். வலது இடுப்பில் புண் இருப்பதால் இடப்பக்கமாகத்தான் திருப்ப வேண்டும். மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்தால் துப்ப மாட்டார். மணி என்ன என்று கேட்டால், விடியற்காலையானாலும் நாலு என்றுதான் சொல்ல வேண்டும். மில்லில் அவருடைய ஷிப்ட் நாலு மணிக்கு முடியும், அதைக் கேட்டால் அடங்கிவிடுவார்.

தம்பி தினமும் அதைப் படித்துவிட்டுப் போன் செய்தான். கொஞ்சம் தண்ணீர் என்றால் எவ்வளவு என்று கேட்டான். எந்தத் துண்டை மடித்து முதுகுக்குக் கொடுக்கிறாய், அதைப் போட்டோ எடுத்துப் போடு என்றான். இத்தனை வருஷத்தில் அவன் அப்பாவைப் பற்றி இவ்வளவு கேட்டதே இல்லை.

ஒன்றைச் சொல்ல மட்டும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பொழுது சாயும்போது அப்பா சில நாள் அழுவார். அப்போது அவள் ஒன்றும் பேசாமல் அவர் பாதத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"அதையும் சொல்லணுமாடா?"

"அதுதான்க்கா முக்கியம். அதை விட்டுடாதே."

போனை வைத்துவிட்டு அவள் அழுதாள். தான் செய்வதும் ஒரு வேலைதான் என்று ஒருத்தனாவது கண்டுகொண்டானே என்று இருந்தது. மனசுக்குள் அவனை எத்தனை தடவை கரித்துக்கொட்டியிருக்கிறாள், அதற்கெல்லாம் சேர்த்து வருத்தப்பட்டாள்.

சனிக்கிழமை அவன் சொன்னான்: "எல்லாம் பக்காவா இருக்குக்கா. நாளைக்குக் காலையில நீ நிம்மதியாக் கிளம்பலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டி, கைப்பையோடு காத்திருந்தாள். அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் தம்பி இல்லை. வெள்ளைச் சீருடையில் ஒரு பெண், பெரிய பெட்டியோடு, கையில் போனோடு நின்றாள்.

"சார் அனுப்பினாரு அக்கா. நர்ஸ்" என்று சொல்லிவிட்டு நேராக அப்பாவிடம் போனாள். யாரையும் கேட்காமல் இடப்பக்கமாகத் திருப்பினாள். சரியான துண்டை எடுத்து மடித்து முதுகுக்குக் கொடுத்தாள். முனகிக்கொண்டிருந்த அப்பா சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அக்காவுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆள் மாறியது கூட அவருக்குத் தெரியவில்லையா? ஆனாலும் தம்பியை நினைத்தால் மனசு குளிர்ந்தது. தனக்கு வராது என்று தெரிந்து, ஒரு நாள் பொழுதுக்காகப் படித்த ஆளையே பிடித்து அனுப்பியிருக்கிறான்.

"பார்த்துக்கோம்மா, சாயங்காலத்துக்குள்ள வந்துடறேன்" என்று செருப்பை மாட்டினாள்.

நர்ஸ் தன் பெட்டியைத் தூக்கியபடி குழப்பத்தோடு பார்த்தாள். "திரும்பி வருவீங்களா? இனிமே அய்யாவுக்கு நான்தான் நிரந்தரம், உங்க ரூம்லயே தங்கிக்கலாம், காலையிலயே நீங்க மொத்தமாக் காலி பண்ணிட்டுப் போயிடுவீங்கன்னு சார் சொன்னாரே அக்கா?"