அரைஞாண்

லாக்கப்பில் அடைக்கிற ஆளிடம் சுருக்குப் போடத் தோதான எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது விதி. பெல்ட்டை மறுபேச்சில்லாமல் கழற்றித் தந்த வெள்ளைத்துரை, ஏட்டு சூசைமாணிக்கம் கத்தரிக்கோலோடு அரைஞாண் கயிற்றைப் பிடித்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அறுத்துராதீங்கய்யா. பொணத்துக்குத்தான் அறுப்பாங்க."

"இது அவிழாதுடா" என்றாலும் ஏட்டு கத்தரியை வைத்துவிட்டு அவன்முன் மண்டியிட்டார். பல வருஷத்து வியர்வையில் இறுகிப்போன முடிச்சு. நகத்தாலும் ஊக்காலும் நெம்பி நெம்பி, அரை மணி நேரம் கழித்து அவிழ்த்தார்.

கயிற்றைப் பத்திரப்படுத்த மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே இன்னொரு கயிறு கிடந்தது. அறுத்த கயிறு. உரியவன் உயிரோடு வெளியே வந்து அதைத் திரும்ப வாங்கவில்லை.

ஏட்டு இழுப்பறையை மூடினார்.

"வீட்டு நம்பரைச் சொல்லு தம்பி. நீ இங்க இருக்கன்னு முதல்ல அவங்களுக்குத் தெரியணும்."