ஒரு சாண் ஆழம்

வேடியம்மாளின் நாலு ஏக்கர் அவளிடமே இருக்க அரசு வைத்த விலை, ஒரு கரண்டி மண்ணில் நூறு கோடி நுண்ணுயிர். குறைந்தால் செத்த நிலமென்று எழுதி, சூரியத் தகடு பதிக்கக் கொடுத்துவிடுவார்கள். அளக்க வந்த செல்வேந்திரன் மேல்மண்ணைச் சுரண்டி நுண்ணோக்கிப் பெட்டியில் வைத்தான். அது படமெடுத்து எண்ணியது.

“அறுபத்தொரு கோடிதான்க்கா.”

“இந்த வெயில்ல நீயே குடைக்குள்ள நிக்கிற, அதுங்க மட்டும் மேல வந்து காயுமா? ஆட்டுக்கிடை போட்டு எரு ஏத்தின மண்ணு தம்பி. ஒரு சாண் தோண்டு.”

“நடு வயல்ல எடுக்கணும்னு விதிக்கா.”

“நடுவுலயே தோண்டு. ஆழம் எவ்வளவுன்னு விதியில இருக்கா?”

கைபேசியில் தேடினான், இல்லை. அதற்குள் அவளே மண்வெட்டியை இறக்கி ஈரமண்ணை நீட்டினாள். பெட்டி நெடுநேரம் எண்ணியது.

தேவை நூறு கோடி. இருப்பு நூற்று மூன்று.

“மிச்சம் மூணு கோடியை வழிச்செலவுக்கு வச்சுக்க தம்பி.”