பலாமரக் கதவு

ஐப்பசி அடைமழையில் மலைப்பாதையில் ஒரு கதவு ஏறிப்போனது. அதன் அடியில் வெள்ளச்சியும் அவள் புருஷன் சடையனும் தலைகொடுத்து நடந்தார்கள். காலில் அட்டை ஏறியது. குனிந்து பிடுங்க வழியில்லை, குடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவள் பங்குக்கு வந்த பலாமரத்தை அறுத்து, அடிவாரத்துப் பட்டறையில் கொடுத்துச் செய்த கதவு அது. இதுவரை அவர்கள் வீட்டு வாசலில் கோணிச்சாக்குதான் தொங்கியது. "சாக்க வெலக்கிட்டு நொழைய நான் என்ன கோழியா?" என்று சொன்ன அண்ணன் கரியராமன், அவள் கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் கால் வைத்ததில்லை.

பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே பாதை குறுகும் இடத்தில், பின்னாலிருந்து அவன் குரலே கேட்டது.

"கதவெல்லாம் சரிதான் வெள்ளச்சி. திருடுறதுக்கு உள்ள என்ன வச்சிருக்க? ஒதுங்கு, நான் போவணும்."

சடையன் ஒதுங்கப் பார்த்தான்.

"எறக்கு," என்றாள் அவள்.

கதவைப் பாதையின் குறுக்கே நிமிர்த்தி வைத்து, இருவரும் மேட்டுப்பக்கம் நின்று பிடித்துக்கொண்டார்கள்.

"என்ன புள்ள இது? வழிய விடு."

"தட்டுண்ணா, தொறக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? மாப்ள, நீயாச்சும் சொல்லு."

சடையன் தொண்டையைச் செருமினான். "வீட்டுக்காரியக் கேளு மச்சான்."

மழை கதவில் அடித்தது. அண்ணன் திரும்பி இறங்கிவிட்டானோ என்று நினைத்தாள். ஆனாலும் அவள் எட்டிப்பார்க்கவில்லை.

பிறகு, சேற்றில் அண்ணன் செருப்பைக் கழற்றிவிடும் ஓசை கேட்டது.