பத்தியைப் படிக்காதீர்கள்

"நெர்மின் மேடம், என்ன கதைப் புத்தகமா படிக்கிறீங்க? முதல்ல பேப்பர்லேர்ந்து விரலை எடுங்க!"

ஆசிரியர் ஜெவ்தெத்தின் அதட்டலுக்கு வகுப்பே சிரித்தது. நெர்மின் விரலை எடுத்தாள். எடுத்ததும் எந்த வரியில் இருந்தோம் என்பதே தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து.

நெர்மினுக்கு நாற்பத்தாறு வயது. துருக்கியின் புர்சா நகரில் விவசாயக் கல்லூரி விரிவுரையாளர். ஆலிவ் மரத்துக்கு நோய் என்றால் சுற்று வட்டாரமே அவளிடம்தான் ஓடி வரும். ஆனால் ஆங்கிலத் தேர்வில் தேறாமல் பதவி உயர்வு கிடையாது. ஐந்து முறை கோட்டை விட்டாயிற்று.

இன்றைய மாதிரித் தேர்வில் இருபதுக்குப் பதினைந்து வாங்காவிட்டால் கீழ்மாடியில் நடக்கும் ஆரம்ப வகுப்புக்கு இறக்கிவிடுவார்கள். அங்கே அவளுடைய மாணவர்களே நாலு பேர் படிக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் போய் எப்படி உட்காருவது?

ஒரே பத்தி. கோடிட்ட இடங்கள் இருபது. பதினைந்து நிமிடம். ஜெவ்தெத்தின் வித்தை ஊரறிந்தது.

"பத்தியைப் படிக்காதீங்க! கோட்டுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை, பின்னாடி ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான். அஞ்சு விடையில நாலை அடிச்சுத் தள்ளுங்க. அர்த்தம் தேடறவங்களுக்குத்தான் கீழ்மாடி இருக்கு."

நெர்மினுக்கு அது மட்டும் கைவரவில்லை. என்ன விஷயம் என்று தெரியாமல் நடுவில் ஒரு வார்த்தையைச் செருக மனசு வரவில்லை.

வெளியே லோதோஸ் என்னும் தெற்குக் காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது. உள்ளே கரி அடுப்பின் மேல் டீ கொதித்தது. கடைசியாக வந்ததால் நெர்மினுக்குக் கிடைத்தது, விரிசல் விட்ட ஜன்னலோர இடம். காற்று நேராகக் கழுத்தில் அடித்தது.

முன் பெஞ்சில் பல் டாக்டர் துர்குத் ஏழே நிமிடத்தில் முடித்துவிட்டுத் திரும்பினான்.

"அக்கா, எத்தனை ஆச்சு?"

"நாலு."

"நாலா! நான் இருபதும் போட்டாச்சு." நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஆசிரியர் பக்கம் திரும்பினான். "ஹோஜம், தலை வெடிக்குது."

"இங்கிலீஷ்னா அப்படித்தான் இருக்கும்," என்றார் ஜெவ்தெத், கொட்டாவி விட்டபடி.

நெர்மின் ஆறாவது கோட்டை நிரப்பிவிட்டு அடுத்த வரிகளைப் படித்தாள். நிறுத்தினாள். மறுபடி படித்தாள்.

கரி அடுப்பு எரியும் அறை. பலத்த காற்று புகைபோக்கி வழியாகப் புகையை உள்ளேயே திருப்பித் தள்ளும். அந்த விஷவாயுவுக்கு வாசனை இருக்காது. முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம், அப்புறம்...

புர்சாவில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதிதான். வீட்டில் இருந்தால் ஞாபகம் வரும். பரீட்சையில் உட்கார்ந்தால் யாருக்கு வரும்?

நிமிர்ந்து பார்த்தாள். இரண்டாவது வரிசையில் மூன்று பேர் மேஜையில் தலை சாய்த்திருந்தார்கள். நடுவில் எழுந்தால் பேப்பரைப் பிடுங்கிக்கொள்வார். பேப்பரைக் கையில் பிடித்தபடியே எழுந்தாள்.

ஜன்னலைப் படாரென்று திறந்தாள். வகுப்பின் பேப்பர்கள் எல்லாம் பறந்தன.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு? பரீட்சை நடக்குதில்ல! மூடுங்க அதை!"

"அடுப்புலேர்ந்து விஷவாயு வருது, ஹோஜம்! எல்லாரும் எழுந்திருங்க! வெளியே வாங்க!"

"படிச்சது வரலைன்னா இப்படி ஒரு நாடகமா?"

ஜன்னலை மூட வந்த ஜெவ்தெத் இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டில் முட்டி மடங்கி அப்படியே சரிந்தார்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு படியிறங்கினார்கள்.

முற்றத்தில் ஆம்புலன்ஸ் ஊழியர் ஜெவ்தெத்துக்கு ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார்.

"இன்னும் கால் மணி நேரம் போயிருந்தா நான் வந்தே பிரயோஜனம் இல்லை. யாரு கண்டுபிடிச்சது?"

எல்லாரும் நெர்மினைக் காட்டினார்கள்.

"எப்படி அக்கா தெரிஞ்சுது?"

நெர்மின் கசங்கிய பேப்பரை நீட்டினாள். "இதுலதான் போட்டிருக்கு."

ஊழியர் சுற்றிலும் பார்த்தார். "மத்தவங்களுக்கு இந்தப் பேப்பர் குடுக்கலையா?"

"குடுத்தாங்களே! நான் இருபதும் சரியாப் போட்டிருக்கேன்," என்றான் துர்குத், ரோஷத்தோடு.

"அப்புறம் ஏன் சார் உள்ளேயே உட்கார்ந்திருந்தீங்க?"

துர்குத் மறுபடி நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

ஜெவ்தெத் கையசைத்து நெர்மினை அருகில் கூப்பிட்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். அவர் முகமூடியை விலக்கினார்.

"எத்தனை போட்டீங்க?"

"ஆறு, ஹோஜம்."

"ஆறுதானா? சட்டம்னா சட்டம்தான். திங்கட்கிழமையிலேர்ந்து கீழ்மாடிக்குப் போயிடுங்க."

நெர்மினுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உயிரைக் காப்பாற்றியவளுக்கு இதுதானா மரியாதை? திரும்பி நடக்கப் போனாள்.

அவர் அவள் கோட்டுக் கையைப் பிடித்து நிறுத்தினார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"பன்னிரண்டு வருஷமா இந்தப் பத்தியை நடத்தறேன். ஒரு தடவைகூடப் படிச்சதில்லை. அங்கே உங்க பக்கத்துல எனக்கும் ஒரு இடம் போட்டு வைங்க."