ராசியான காந்தம்

இன்றும் வரைபடத்தில் முகடு எழும்பிவிட்டது.

எழும்பியிருக்கக் கூடாது. முகடு என்றால் குடுவையில் வினை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

வினையூக்கித் தூளை அவள் போடவே இல்லை. பட்டை வாசனைத் திரவம், பலூனில் ஹைட்ரஜன், கலக்குவதற்கு ஒரு சின்னக் காந்தம். குடுவையில் இருந்தது அவ்வளவுதான்.

தூள் இல்லாமல் ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னவர், அவள் கட்டுரையைப் படித்த ஆய்விதழின் மதிப்பீட்டாளர். ஒரே வரிக் கேள்வி. அரைநாள் வேலை, முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்று இருந்தாள். இது மூன்றாவது நாள்.

அந்தத் தூள்தான் அவளுடைய ஐந்து வருடம். கண்ணுக்குத் தெரியாத துளைகள், துளைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத பிளாட்டினம். பட்டைத் திரவத்தில் ஹைட்ரஜன் ஒட்டிக்கொள்ள இரண்டு இடம் உண்டு. ஒன்றில் மட்டும் ஒட்ட வேண்டும், மற்றதைத் தொடவே கூடாது. அந்த ஒழுங்கைத் தருவது துளைகள்தான் என்று நூற்றெண்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறாள்.

இப்போது துளை இல்லை. ஒழுங்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

நேற்று புதுக் காந்தம் போட்டு, தூளையும் தாராளமாகக் கொட்டி ஓட்டினாள். வரைபடத்தின் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

பழைய காந்தத்தை இடுக்கியால் எடுத்துத் துடைத்தாள். மாத்திரை அளவுதான். வெள்ளை உறை முழுக்கக் கீறல். கீறலுக்குள் சாம்பல் நிறம். எந்த வருடத்து, யாருடைய உலோகமோ, இத்தனை நாளும் வேலை செய்தது அதுதான்.

பெலிக்ஸ் அண்ணன் கொடுத்தது. இந்தத் தூளை முதன்முதலில் செய்தவர், இதே மேஜையில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். கிளம்பும்போது உள்ளங்கையில் வைத்து, "ராசியானது, மாத்திடாத" என்றார்.

மாற்றவில்லை. ஆயுத பூஜைக்கு அதன் டப்பாவுக்குத் தனியாகக் குங்குமம் வேறு வைத்தாள். பெரிய விஞ்ஞானி!

அழ வேண்டும்போல இருந்தது. அதற்கும் தெம்பில்லை.

ஆராய்ச்சி கைடுக்குப் போன் செய்தாள். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"புதுக் காந்தம் போட்டு, தூள் இல்லாம ஓட்டும்மா. கோடு படுத்துடும். அத அனுப்பிடு. திங்கக்கிழமை கடைசி நாள்."

அது பொய்கூட இல்லை. கோடு நிஜமாகவே படுத்துவிடும். கட்டுரை வரும். பட்டம் வரும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

புதுக் காந்தத்தைக் குடுவையில் போட்டாள். சுழல ஆரம்பித்தது.

மேஜையில் போன் மினுங்கியது. பெலிக்ஸ் அண்ணன், கொரியாவிலிருந்து. மாதாமாதம் வருகிற அதே செய்திதான்.

"தூள் இன்னும் கொஞ்சம் அனுப்புறியா? இங்க வரவே மாட்டேங்குது. என் கைதான் கெட்டுப்போச்சு போல."

எத்தனை பொட்டலம் அனுப்பியிருப்பாள்! மூன்று வருடமாக அந்த மனிதர் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய பட்டமும் இந்தக் காந்தத்தில்தான் சுழன்றிருக்கிறது. அது அவருக்குத் தெரியாது.

கலக்கியை நிறுத்தினாள்.

இன்றைய வரைபடத்தில் இரண்டு நகல் எடுத்தாள். ஒன்றை இதழுக்கான பதிலோடு சேர்த்தாள்.

இன்னொன்றைக் கவரில் வைத்தாள். பழைய காந்தத்தைப் பஞ்சில் சுற்றி அதோடு வைத்தாள். ஒரு துண்டுத் தாளில் எழுதினாள்:

"அண்ணா, உங்க கை நல்லாத்தான் இருக்கு. தூள் போடாம, இத மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்க."

மணி பன்னிரண்டரை. சனிக்கிழமை தபால் அலுவலகம் ஒரு மணி வரைதான்.

கவரைத் திருப்பி, பெறுநர் இடத்தில் வழக்கம்போல 'முனைவர்' என்று எழுதினாள்.

பேனா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு அவர் பெயரை எழுதினாள்.