நிஜத்தைப் போலவே ஒரு ரோஜா

சிவப்புக் கிரேப் காகிதத்தில் ஒரு ரோஜா உருவாகிக்கொண்டிருந்தது. தன்னைக் காகிதம் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அதற்கு ஓயாத பயம்.

"கத்திரி அண்ணே, இதழெல்லாம் ஒரே அளவா இருக்கு. மாட்டிக்குவேன்" என்றது.

கத்திரிக்கோல் உள் இதழ்களைச் சிறிதாக்கியது. செய்கிறவரின் கட்டைவிரல்கள் ஒவ்வொரு இதழையும் நடுவில் இழுத்துக் குழியாக்கி, ஓரத்தைப் பென்சிலில் சுருட்டிவிட்டன.

"இன்னும் பயமா இருக்குண்ணே."

"போதும்மா. எனக்கே நீ பூவாத்தான் தெரியுற."

யாருக்காவது தெரிகிறதா பார்ப்போம் என்று, செய்தவர் அதைப் பூக்கடைத் தட்டில் நிஜ ரோஜாக்களுக்கு நடுவே செருகிவிட்டுப் போனார். ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கத்து ரோஜாகூட, "நீ எந்தத் தோட்டம்?" என்று விசாரித்தது. காகித ரோஜாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

கடைக்கார அம்மா சொம்போடு வந்து பூக்களின்மேல் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினாள்.

"ஐயோ, வேணாம்! நான் காகிதம்! அந்தம்மாகிட்ட யாராவது சொல்லுங்களேன்!"

பக்கத்து ரோஜா சிரித்தது. "குளிக்கச் சோம்பல்னா நேரா சொல்லு. அதுக்கு இப்படி ஒரு பொய்யா?"

நாலு துளிதான் விழுந்தது. காகித ரோஜாவின் இதழ்கள் ஊறித் தொங்கின. கடைக்கார அம்மா குனிந்து உற்றுப் பார்த்தாள்.

'கண்டுபிடிச்சிடு தாயே, கண்டுபிடிச்சிடு' என்று அது நடுங்கியது.

"அடப் பாவமே, வெயில்ல ரொம்பத் துவண்டுபோச்சே" என்று சொல்லி, சொம்பில் இருந்த மிச்சத் தண்ணீரையும் அவள் அதன் தலையில் ஊற்றினாள்.