சிக்கன மகாராஜா

அப்பா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு கண்காட்சிக்கு வந்திருந்தார். அதைப் பார்த்ததும் மகளுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. மீதிப் பாதி எதிர்ச்சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் செய்த ஆளுயரக் கேன்வாஸ் அது. சிம்மாசனத்தில் ஒரு ராஜா. கிரீடம் முழுக்க வெட்டி வழித்த பேஸ்ட் டியூப்கள், சால்வைக்குக் கிழிந்த பனியன், தாடிக்குப் பழைய பஸ் டிக்கெட்டுகள். மூக்கின்மேல் நிஜக் கண்ணாடி ஒன்று, காதில் மாட்டும் பக்கம் உடைந்து, கறுப்பு நூல் சுற்றியது. படத்தின் பெயர் 'சிக்கன மகாராஜா'.

எல்லாமே அப்பா தூக்கிப்போட மனசில்லாமல் சேர்த்து வைத்தவை. அம்மா இறந்துபோனபோது மகள் வெளியூரில் வேறொரு கண்காட்சியில் இருந்தாள். பிறகு ஒருநாள் வீட்டுக்குப் போனவள், மேஜைமேல் கிடந்த அந்தக் கண்ணாடியையும் பையில் போட்டுக்கொண்டாள். தொலைந்தால்தான் இந்த மனுஷன் புதுசு வாங்குவார் என்று நினைத்தாள்.

"எங்க வீட்லயும் இப்படி ஒரு மகாராஜா இருக்கார். அந்தக் கண்ணாடிக்காகவே இதை வாங்குறேன்" என்று படம் பார்க்க வந்த ஒரு பல் டாக்டரம்மா சற்றுமுன்தான் சொல்லிவிட்டுப் போனார். விற்றுவிட்டதற்கு அடையாளமாக மூலையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. மாலையில் வண்டி வந்துவிடும்.

அப்பா சிரிப்புச் சத்தம் கேட்ட பக்கம் நேராகப் போய், மகாராஜா முன்னால் நின்றார். ஊரே பார்த்துச் சிரிக்கட்டும் என்று செய்தவளுக்கு, இவர் ஒருவர் பார்ப்பது மட்டும் தாங்கவில்லை.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

"பிரமாதம்மா. அந்த நீலம் என்ன எடுப்பா இருக்கு."

படத்தில் மருந்துக்குக்கூட நீலம் கிடையாது. மனசு நொந்துபோய்ப் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தாள்.

"கோவம் ஒண்ணும் இல்லையேப்பா?"

"உன் படத்தைப் பார்த்து நாலு பேர் வாய்விட்டுச் சிரிக்கிறாங்க. எனக்கு எதுக்கும்மா கோவம்? பெருமையா இருக்கு."

எதையாவது பேச வேண்டுமே என்று சொன்னாள்.

"கண்ணாடி உங்களுக்கு நல்லா இருக்குப்பா. ஒருவழியா வாங்கிட்டீங்க."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "வாங்கலம்மா. மாடி வீட்டுக்காரர்கிட்ட இரவல். வெறும் கண்ணோட வந்தா நீ திட்டுவேன்னு மாட்டிக்கிட்டு வந்தேன். இதுல எனக்கு எல்லாம் கலங்கலாத்தான் தெரியுது. வெளியில சொல்லிடாதே."

அவள் மகாராஜாவின் மூக்கிலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள்.

"என்னோடதை மூணு மாசமாத் தேடுறேன். கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னால, பார்க்காத இடமில்ல. அடுத்த தடவை வந்தா நீ கொஞ்சம் தேடிக் குடும்மா."

"அந்தப் பழசுல அப்படி என்னப்பா இருக்கு? வேற வாங்கிக்கலாமே."

ராஜாவின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி நின்றபடி, இரவல் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே அப்பா சொன்னார்:

"அந்த நூலு, ஆஸ்பத்திரியில கடைசியா உங்கம்மா சுத்திக் குடுத்தது."